கேள்வி கேட்கும் அதிகாரத்தைக் கைவிட்ட மாநிலங்கள்

அமெரிக்காவில் 2005இல் டெக்சாஸ் தொடங்கி 2017இல் இல்லினாய்ஸ் வரை, மாநிலச் சட்டமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசி நிறுவனங்கள்மீது தங்களுக்கு இருந்த பிடியை விட்டன. எந்தக் கட்சி ஆளும் மாநிலம் என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. குடியரசுக் கட்சியின் கோட்டையான டெக்சாஸிலும் நடந்தது, ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிஃபோர்னியாவிலும் நடந்தது. விமானப் போக்குவரத்தும் மின்சாரமும் வங்கித் தொழிலும் கட்டுப்பாடு தளர்ந்த கதை அலமாரி அலமாரியாக எழுதப்பட்டிருக்கிறது. இதுவோ, படித்தால் கொட்டாவி வரும் மசோதாக்களின் வழியே, பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாமல் முடிந்துபோனது. அந்த மசோதாக்களில் பல ஒரே கையெழுத்தில் மூன்று அதிகாரங்களைக் கைவிட்டன: கட்டணத்தை நிர்ணயிப்பது, கேட்டவருக்கெல்லாம் இணைப்புத் தரும்படி கட்டாயப்படுத்துவது, நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கணக்கும் காரணமும் கேட்பது. முதலாவதைக் கைவிட்டதற்கு நியாயம் இருந்தது. மற்ற இரண்டுக்கும் இல்லை. விட்டதைத் திரும்பப் பிடிக்கச் சில மாநிலங்கள் இன்று படும் பாடே இதற்குச் சான்று.

மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் தொலைபேசி, அரசமைப்பின் 7ஆவது அட்டவணையில் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. சென்னைக் கோட்டையில் யார் ஆண்டாலும் அழைப்புக் கட்டணத்தில் கைவைக்க முடியாது. அமெரிக்காவில் அப்படியல்ல. கிரகாம் பெல்லின் காப்புரிமைகள் 1890களின் நடுவில் காலாவதியானதும் அங்கே ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் முளைத்தன. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள். ஒன்றின் சந்தாதாரர் மற்றொன்றின் சந்தாதாரரோடு பேச முடியாது. கடைக்காரர் மேசையில் இரண்டு கருவிகள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1907இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தலைவராகத் திரும்பி வந்த தியோடர் வெய்ல் ஒரு பேரத்தை முன்வைத்தார். நாட்டுக்கு ஒரே வலைப்பின்னல் போதும், அது எங்களுடையதாக இருக்கட்டும், பதிலுக்கு அரசு எங்களைக் கண்காணிக்கட்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலம், ரயில்வேக்கென்று வைத்திருந்த ஆணையத்தின்கீழ்த் தொலைபேசியையும் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1934இன் தகவல்தொடர்புச் சட்டம் மத்திய ஆணையத்தை உருவாக்கியபோதும், மாநில எல்லைக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடியும் அழைப்புகளை மாநிலங்களின் பொறுப்பிலேயே விட்டது. ஆகவே ஒரு வீட்டின் மாதக் கட்டணம், புது இணைப்புக்குக் காத்திருக்கும் காலம், பழுது பார்க்கும் கெடு எல்லாம் அந்தந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் கைக்குள் இருந்தன. ஏகபோகத்துக்கு விலையாக வெய்ல் ஒப்புக்கொண்டவற்றில் கட்டணக் கட்டுப்பாடு ஒரு பகுதிதான். எல்லோருக்கும் சேவை என்ற கடமையும், கணக்கைத் திறந்து காட்டும் பொறுப்பும் அதே பேரத்தில் அடங்கியவை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது.

கட்டண நிர்ணயம் காலாவதியாகிவிட்டது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய முறை இதுதான்: நிறுவனம் தன் செலவையும் முதலீட்டையும் காட்டும், ஆணையம் அதன்மேல் நியாயமான ஒரு லாப விகிதத்தைச் சேர்த்துக் கட்டணத்தை வகுக்கும். முதலீடு கூடினால் லாபமும் கூடும் என்பதால் சிக்கனமாக நடத்த யாருக்கும் ஆசை பிறக்காது. அதோடு தொலைதூர அழைப்பிலும் வணிக இணைப்பிலும் கூடுதலாக வாங்கி, வீட்டு இணைப்பை மலிவாக வைத்திருக்கும் உள்மானியம் ஒன்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஏகபோகம் இருக்கும்வரை அது தாங்கும். 1969இல் சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே நுண்ணலைச் சேவை நடத்த எம்.சி.ஐ. நிறுவனத்துக்கு மத்திய ஆணையம் அனுமதி கொடுத்ததும், உள்மானியத்தின் ஊற்றுக்கண்ணான தொலைதூரச் சந்தையில் போட்டியாளர்கள் கைவைத்தார்கள். 1974இல் நீதித்துறை தொடுத்த வழக்கு, நீதிபதி ஹெரால்டு கிரீனின் மேற்பார்வையில் உடன்பாடாகி, 1984 ஜனவரி 1 அன்று ஏ.டி. அண்ட் டி. உடைந்தது. உள்ளூர்ச் சேவை 7 வட்டார நிறுவனங்களுக்குப் போனது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1986இல், நெப்ராஸ்கா உள்ளூர்க் கட்டணத்தையே பெருமளவு ஆணையத்தின் பிடியிலிருந்து விடுவித்துப் பிற மாநிலங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மத்திய ஆணையம் 1989இல் லாப விகிதத்தைக் கைவிட்டு விலை உச்சவரம்பு முறைக்கு மாறியது. 1990களில் பல மாநிலங்களும் மாறின. உச்சவரம்புக்குள் செலவைக் குறைத்து மிச்சம்பிடித்தால் அது நிறுவனத்துக்கே. பழைய முறையைவிட இது அறிவுள்ள முறை. இதுவரை நடந்ததில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் மாநில ஆணையங்களை ஒழிக்கவில்லை. அவற்றுக்குப் புதிய வேலை கொடுத்தது. பழைய நிறுவனம் தன் கம்பிகளைப் புதிய நிறுவனத்துக்கு வாடகைக்குத் தர வேண்டும், வாடகையில் தகராறு வந்தால் மாநில ஆணையம் தீர்த்துவைக்க வேண்டும் என்றது சட்டம். சில ஆண்டுகள் ஆணையங்கள் நடுவர்களாகக் கடுமையாக உழைத்தன. அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. 2004இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடகை விதிகளின் மையப்பகுதியை ரத்து செய்தது, 2005 தொடக்கத்தில் மத்திய ஆணையமும் அதைக் கைவிட்டது. அந்த வாடகையை நம்பி உள்ளூர்ச் சந்தைக்கு வந்த இரண்டு பெரும் போட்டியாளர்களின் கதை உடனே முடிந்தது. தொலைதூர நிறுவனமான பழைய ஏ.டி. அண்ட் டி.யை எஸ்.பி.சி. என்ற வட்டார நிறுவனம் விழுங்கி அதன் பெயரையே சூட்டிக்கொண்டது. எம்.சி.ஐ.யை வெரைசன் என்ற இன்னொரு வட்டார நிறுவனம் விழுங்கியது. 1984இல் உடைக்கப்பட்ட 7 துண்டுகளில் பெரும்பாலானவை ஒட்டிக்கொண்டு இரண்டு பெரும் நிறுவனங்களாக நின்றன. ‘போட்டி வந்துவிட்டது, இனி மாநிலக் கட்டுப்பாடு வேண்டாம்’ என்ற மசோதாக்கள் அலையாக எழுந்தது இதே ஆண்டுகளில்தான். கேபிள் நிறுவனங்கள் தொலைபேசிச் சேவை தரத் தொடங்கியிருந்தன என்பதும் கைபேசி பரவிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் சட்டம் வளர்த்துவிட்ட போட்டி கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்த நேரத்தில், போட்டியின் பெயரால் சட்டம் எழுதப்பட்டது.

மசோதாக்களின் மூலப்பிரதி எங்கே எழுதப்பட்டது என்பதும் மறைவான சங்கதி அல்ல. சட்டமன்ற உறுப்பினர்களும் பெரு நிறுவனங்களும் சேர்ந்து மாதிரி மசோதாக்கள் எழுதும் ‘அலெக்’ என்ற அமைப்பு, இணையவழிக் குரல் சேவையை மாநிலங்கள் தொடக் கூடாது என்ற மாதிரியை 2007 வாக்கிலேயே தயாராக வைத்திருந்தது. ஏ.டி. அண்ட் டி.யும் வெரைசனும் அதில் 2018வரை உறுப்பினர்கள். இண்டியானா 2006இல், விஸ்கான்சினும் ஃபுளோரிடாவும் 2011இல், கலிஃபோர்னியா 2012இல், மிச்சிகன் 2014இல், கென்டக்கி 2015இல் என வரிசை நீண்டது. ஃபுளோரிடா தன் ஆணையத்திடமிருந்து கட்டணத்தோடு சேவைத் தரத்தையும் பறித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் சட்டத்தை முன்மொழிந்தவர் இன்று அமெரிக்க மேலவையில் இருக்கும் அலெக்ஸ் படியா. இல்லினாய்ஸில், பழைய தொலைபேசிச் சேவையை நிறுத்த வழிசெய்யும் விதியை 911 அவசர அழைப்புக்கான நிதி மசோதாவோடு சேர்த்துக் கட்டினார்கள். அவசர அழைப்பு நிதிக்கு எதிராக வாக்களிக்க எந்த உறுப்பினர் துணிவார்? ஆளுநர் திருப்பி அனுப்பியும் இரு அவைகளும் மீண்டும் நிறைவேற்றின.

இந்தச் சட்டங்களின் சூட்சுமம், கடமையை மனிதருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவோடு கட்டாமல் தொழில்நுட்பத்தோடு கட்டியதில் இருக்கிறது. செம்புக் கம்பியில் பழைய முறையில் போகும் அழைப்புக்குச் சட்டம் உண்டு. அதே வீட்டிலிருந்து, அதே நிறுவனத்தின் வழியே, அதே எண்ணுக்கு இணைய நெறிமுறையில் போகும் அழைப்புக்குச் சட்டம் இல்லை. வோனேஜ் என்ற இணையவழி நிறுவனத்தைக் கட்டுப்படுத்த மினசோட்டா முயன்றபோது 2004இல் மத்திய ஆணையம் தடுத்தது. சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்தை அதே மாநிலம் கட்டுப்படுத்த முயன்றபோது 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. வோனேஜ் எங்கிருந்தும் எவர் இணைப்பிலும் ஏறி ஓடும் சேவை. அதற்கு மாநில எல்லை பொருந்தாது என்பதை ஏற்கலாம். சார்ட்டரோ தெருவில் சொந்தக் கேபிள் பதித்து, பழைய தொலைபேசிக்கு மாற்று என்று சொல்லியே விற்ற நிறுவனம். இரண்டுக்கும் ஒரே முடிவு வந்ததால், நிறுவனம் தன் கருவியை மாற்றிக்கொண்டாலே தன் கடமையிலிருந்தும் வெளியேறலாம் என்றாகிவிட்டது.

விளைவுகளில் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் ஆணையம் 2006 முதல் கட்டண நிர்ணயத்தைப் படிப்படியாகக் கைவிட்டது, தொடக்கத்தில் 10.69 டாலராக இருந்த ஏ.டி. அண்ட் டி.யின் அடிப்படை மாதக் கட்டணம் 2013க்குள் இரு மடங்கைத் தாண்டியது. போட்டி விலையைக் குறைக்கும் என்ற வாக்குறுதிக்கு இது அழகான பதில் அல்லதான். ஆயினும் பழைய கட்டணம் உள்மானியத்தால் செயற்கையாகத் தாழ்த்தப்பட்டது என்ற நிறுவனத்தின் வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. விலகிப்போக முடிந்தவர்கள் விலகியும் போனார்கள். விலகிப்போக முடியாதவர்களிடத்தில்தான் சிக்கல். அதன் கடைசி எல்லை சிறைச்சாலை. அங்கே நிறுவனங்கள் போட்டி போடுவது கைதியின் குடும்பத்தைக் கவர்வதற்காக அல்ல, சிறை நிர்வாகத்துக்குக் கூடுதல் பங்குத்தொகை தந்து ஒப்பந்தம் பிடிப்பதற்காக. எனவே போட்டி கூடக்கூட விலையும் ஏறும். மாநிலத்துக்குள் பேசும் சிறை அழைப்புகளுக்கு உச்சவரம்பு விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2017இல் நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் அதற்கென்றே நிறைவேற்றிய மசோதா சட்டமாக 2023 ஜனவரி ஆயிற்று. சந்தை தானாகச் சரிசெய்யும் என்று நம்பிக் காத்திருந்த காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் கைதிகளின் தாய்மார்களும் மனைவிமார்களும்.

இதைவிடப் பெரிய பாடம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கே 1993இலேயே ஒரு பேரம் நடந்தது: லாபக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறோம், பதிலுக்கு 2010க்குள் மாநிலம் முழுவதற்கும் நொடிக்கு 45 மெகாபிட் வேகத்தில் தகவல் கொண்டுசெல்லும் வலைப்பின்னலை அமையுங்கள். உலகளாவிய வலை பொதுமக்களின் கைக்கு வந்துசேர்ந்திராத நேரத்தில் எழுதப்பட்ட நிபந்தனை இது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் தொலைநோக்கு வியக்க வைக்கும். நிறுவனத்தின் பெயர் நியூ ஜெர்சி பெல், பெல் அட்லாண்டிக், வெரைசன் என்று மாறிவந்தது. தளர்வின் பலன் ஆண்டுதோறும் கிடைத்துவந்தது. நெருக்கமான வடபகுதியில் கண்ணாடி இழை வந்தது, தென்பகுதி விவசாய ஊர்களுக்கு வரவில்லை. கெடு கடந்து சில ஆண்டுகள் ஆனபின் 2014இல் மாநில வாரியம் வெரைசனோடு ஓர் உடன்பாட்டை ஏற்றது. கைபேசி கோபுரத்திலிருந்து வரும் நான்காம் தலைமுறைச் சேவை எட்டினாலே அந்த இடத்தில் நிபந்தனை நிறைவேறியதாகக் கணக்கு. எட்டாத இடத்தில் ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் 35 பேர் சேர்ந்து, முன்பணம் கட்டி, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் தருகிறேன் என்ற நிறுவனத்தின் வாக்குறுதி, ஆள் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று குடிமக்கள் தலையில் வந்து விழுந்தது. கம்பர்லேண்ட் பகுதி ஊர்கள் கூடிப் புகார் கொடுத்துத்தான் தங்கள் செம்புக் கம்பிகளைப் பழுதுபார்க்க வைக்க முடிந்தது. இந்தப் பேரத்தில் தளர்வு தவறில்லை. பதிலுக்குக் கேட்டதும் தவறில்லை. 17 ஆண்டுகளில் எந்தத் தெருவில் என்ன பதித்தீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்டு, தவறினால் தளர்வைத் திரும்பப் பெறும் துணிவு இல்லாததே தவறு. கண்காணிப்பு இல்லாத நிபந்தனை, வட்டி இல்லாத கடன்போல, வாங்கியவருக்குத்தான் வசதி.

இதற்கு எதிர்ப்பக்கம் காட்டும் நிகழ்ச்சி நியூயார்க்கில் நடந்தது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் லாங் ஐலண்டின் தெற்கே மணல்மேடாக நீளும் ஃபயர் ஐலண்டின் மேற்குப் பகுதியில் தொலைபேசிக் கம்பிகளை நாசமாக்கியது. அவற்றை மறுபடி போடாமல், ‘வாய்ஸ் லிங்க்’ என்ற கம்பியில்லாப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வீடு வைக்க வெரைசன் முன்வந்தது. பேசலாம், ஆனால் இணையம் வராது, தொலைநகல் போகாது, கடன் அட்டைக் கருவியும் திருட்டு எச்சரிக்கை மணியும் வேலை செய்யாது. செம்புக் கம்பிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருவதால் ஊரே இருண்டாலும் பழைய தொலைபேசி பேசும். இந்தப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும், அது போனால் பேட்டரி சில மணி நேரம். நியூயார்க் மாநிலத்தின் ஆணையத்துக்கு அப்போதும் அதிகாரம் கையில் இருந்தது. 2013 மே மாதம் தற்காலிகமாக மட்டும் அனுமதித்து, மக்கள் கருத்தைக் கேட்டது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன; மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் எதிர்த்தது. செப்டம்பரில் வெரைசன் தன் திட்டத்தைக் கைவிட்டுத் தீவுக்குக் கண்ணாடி இழை பதிப்பதாக அறிவித்தது. ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கவில்லை, செம்பையே போடு என்று அடம்பிடிக்கவில்லை. காரணம் கேட்டது, மக்களைப் பேசவிட்டது. தீவுக்குக் கிடைத்தது பழையதைவிட நல்ல சேவை. ஃபுளோரிடாவில் இதே புயல் இதே சேதத்தைச் செய்திருந்தால் கேட்க ஆளில்லை: சேவைத் தரம் பற்றி விசாரிக்கும் அதிகாரம் அங்கே 2011இலேயே போய்விட்டது.

இனி மறுப்புகள். இப்போது யார் வீட்டுத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி, வலுவான கேள்வி. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, 2003இல் கைபேசியை மட்டுமே நம்பிய வீடுகளில் வாழ்ந்த வயதுவந்தோர் 5 சதவீதம்கூட இல்லை. 20 ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆகிவிட்டார்கள். நாட்டின் சராசரிக்கு இது மறுக்க முடியாத பதில். சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. செம்புக் கம்பியில் எஞ்சியிருப்பவர்களில் முதியோரும், கோபுரச் சமிக்ஞை மலைக்குப் பின்னால் நின்றுவிடும் ஊர்க்காரர்களும் கணிசம். மேலும் பெரும்பாலான இடங்களில் கம்பித் தொலைபேசிக்கு ‘போட்டி’யான கைபேசிச் சேவையை நடத்தும் பெரிய நிறுவனங்கள் யார்? அதே வெரைசன், அதே ஏ.டி. அண்ட் டி. தன் வலது கையோடு இடது கை போட்டி போடுகிறது என்று சொல்லிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை கேட்பதை, கேட்பவரின் சாமர்த்தியம் என்று பாராட்டலாம். கொடுத்தவரின் விவேகம் என்று சொல்ல முடியாது.

நலிந்த செம்பில் பணத்தைக் கொட்டச் சொன்னால் கண்ணாடி இழைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. கட்டுப்பாடு போனால் முதலீடு பெருகும் என்ற நம்பிக்கையும் இதன் நிழல்தான். நடந்த வரலாறு இதற்கு ஒத்துழைக்கவில்லை. வெரைசன் தன் கண்ணாடி இழைச் சேவையை முதலில் தொடங்கிய ஊர் டெக்சாஸின் கெல்லர். ஆண்டு 2004, டெக்சாஸ் சட்டத்துக்கு முந்திய ஆண்டு. பிறகு நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற கட்டுப்பாடு குறையாத மாநிலங்களிலும் பதித்தது. 2010 வாக்கில், மாநிலச் சட்டங்கள் எங்கும் தளர்ந்துகொண்டிருந்தபோது, புதிய ஊர்களுக்குப் போவதை நிறுத்தியது. ஏ.டி. அண்ட் டி.யோ கட்டுப்பாடு தளர்ந்த மாநிலங்களிலும் பல ஆண்டுகள் வீட்டுவாசல்வரை இழை கொண்டுபோகாமல், தெருமுனைவரை இழை, அதன்பின் பழைய செம்பு என்ற வழியையே பின்பற்றியது. மக்கள் நெருக்கம், கேபிள் நிறுவனத்தின் போட்டி, கடன் வாங்கும் செலவு ஆகியவைதான் முதலீட்டின் திசையைத் தீர்மானித்தன. இந்த மறுப்பில் நியாயமான ஒரு பகுதி உண்டு. கேட்டவருக்கெல்லாம் இணைப்புத் தரும் கடமை பழைய நிறுவனத்தின் தலையில் மட்டும் இருக்க, பக்கத்துக் கேபிள் நிறுவனம் லாபமுள்ள தெருக்களை மட்டும் பொறுக்கிக்கொள்வது அநீதி. அதற்குத் தீர்வு கடமையைப் பகிர்வதும் அதற்கு நிதி ஒதுக்குவதும். கடமையையே அழித்துவிட்டால் அநீதி போகாது. அதைச் சுமக்கும் ஆள்தான் மாறுவார், நிறுவனத்துக்குப் பதில் மலைக்கிராமத்துக் கிழவர்.

மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்பது கடைசி மறுப்பு. சேவையை நிறுத்த மத்திய ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்ற வாசல் சட்டத்தில் இருப்பது உண்மை. 2025இல் அந்த வாசலையும் ஆணையம் அகலமாக்கத் தொடங்கியது. அதைவிட முக்கியம், வாஷிங்டனிலிருந்து பார்த்தால் தெரு தெரியாது என்பது. ஒரு கணக்கெடுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணையம் தர முடிந்தாலும் கட்டம் முழுவதுக்கும் சேவை உண்டு என்றே மத்திய ஆணையத்தின் வரைபடம் பல ஆண்டுகள் காட்டிவந்தது. 2020 டிசம்பரில் கிராமப்புறங்களுக்காக அது நடத்திய ஏலத்தில் 920 கோடி டாலர் பங்கிடப்பட்டது. அதிகம் வென்றவர்களில் இரண்டு நிறுவனங்களை, சொன்னபடி செய்து முடிக்கும் திறன் காட்டவில்லை என்று 2022இல் அதே ஆணையம் தள்ளுபடி செய்தது. 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் பிராட்பேண்டுக்கென்று 4,245 கோடி டாலரை ஒதுக்கியபோது, அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம் வந்தது? மாநிலங்களிடம். எந்த நிறுவனத்துக்கு எங்கே கம்பி இருக்கிறது, எவ்வளவு பழுது என்று கேட்கும் உரிமையைப் பத்தாண்டுகளுக்கு முன் தங்கள் ஆணையங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாநிலங்கள், இப்போது புதிதாக அலுவலகம் திறந்து, புதிதாக ஆள் எடுத்து, வரைபடத்தை வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

கலிஃபோர்னியா இந்தக் கதையின் எல்லாத் திருப்பங்களையும் பார்த்த மாநிலம். இணையவழிக் குரல் சேவையை மாநிலம் தொடக் கூடாது என்ற 2012இன் தடைச்சட்டத்துக்கு ஆயுள் வைத்திருந்தார்கள். அது முடியப்போகும் 2019இல் நீட்டிக்க நடந்த முயற்சி தோற்றது. தோற்றதற்குப் பின்னணியாகக் காட்டுத்தீ இருந்தது. அதன்பின் அதே ஆண்டு அக்டோபரில் தீப்பிடிக்காமலிருக்க மின்நிறுவனம் மின்சாரத்தை நிறுத்தியபோது, மரின் மாவட்டத்தின் கைபேசிக் கோபுரங்களில் பாதிக்கு மேல் செயலிழந்தன. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் எச்சரிக்கை எந்தக் கருவிக்கு வரும் என்பது திடீரென்று உயிர்ப் பிரச்சினையானது. 2020 ஜூலையில் மாநில ஆணையம், தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் கோபுரங்களுக்கு 72 மணி நேர மாற்று மின்சாரம் வேண்டும் என்று உத்தரவிட்டது. கைபேசிக் கட்டணத்தில் மாநிலங்கள் தலையிட 1993இலிருந்தே மத்திய சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் சேவையின் பிற நிபந்தனைகளை விட்டுவைத்திருக்கிறது. கட்டணத்தைத் தொடாமலும் செய்யக்கூடிய வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு இந்த உத்தரவு நல்ல உதாரணம்.

இதற்கிடையே வினோதமான ஒரு திருப்பம். இணையச் சேவையைப் பொதுத்தொடர்புச் சேவை என்ற வகையிலிருந்து 2017இல் விலக்கிய மத்திய ஆணையம், மாநிலங்களும் தனிச்சட்டம் இயற்றக் கூடாது என்று சேர்த்துச் சொன்னது. 2019இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், உனக்கே அதிகாரம் இல்லை என்று நீயே சொல்லிவிட்ட பொருளில் மற்றவரை எப்படித் தடுப்பாய் என்று அந்தத் தடையை நீக்கியது. அந்த வழியாக நுழைந்ததுதான் நியூயார்க்கின் 2021ஆம் ஆண்டுச் சட்டம்: குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 25 மெகாபிட் இணைப்பை 15 டாலருக்கோ 200 மெகாபிட் இணைப்பை 20 டாலருக்கோ தர வேண்டும். 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 2.3 கோடி குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் தந்துவந்த மத்திய உதவித்திட்டம் பணமில்லாமல் 2024 நடுவில் நின்றுபோயிருந்ததால் இந்தச் சட்டத்துக்குக் கூடுதல் கனம் சேர்ந்தது. மத்தியக் கட்டுப்பாட்டை ஒழிக்கப் பாடுபட்ட நிறுவனங்கள், அதன் பலனாகக் கட்டண நிர்ணயத்தையே மாநில வாசலில் சந்தித்தன. ஏ.டி. அண்ட் டி. தன் கம்பியில்லா வீட்டு இணையச் சேவையை நியூயார்க்கிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் முழு உடன்பாடு இல்லை. வறியவருக்கான சலுகையை நிறுவனத்தின் விலைப்பட்டியலில் திணிப்பதைவிடப் பொது நிதியிலிருந்து கொடுப்பதே நேர்மை. ஆனால் கடமையும் கண்காணிப்பும் தொடர்ந்து இருந்திருந்தால், கைவிட வேண்டிய ஒன்றையே திரும்ப எடுக்கும் நிலைக்கு ஒரு மாநிலம் வந்திருக்காது.

2023 மார்ச்சில் ஏ.டி. அண்ட் டி., கலிஃபோர்னியாவில் கேட்டவருக்கெல்லாம் இணைப்புத் தரும் கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி மனுச் செய்தது. தான் கம்பித் தொலைபேசி நடத்தும் 21 மாநிலங்களில் மற்ற 20 மாநிலங்களும் இதை நீக்கிவிட்டன என்பது அதன் வாதங்களில் ஒன்று. பொது விசாரணைகளில் மலைப்பகுதி மக்களும் முதியோரும் தீயணைப்புத் துறையினரும் பேசினார்கள். 2024 ஜூன் 20 அன்று ஆணையம் மனுவைத் தள்ளுபடி செய்தது: தான் விட்டுப்போகும் இடத்தை நிரப்ப வேறொருவர் இருப்பதாக நிறுவனம் நிரூபிக்கவில்லை, செம்பைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, கண்ணாடி இழையிலும் இந்தக் கடமையை நிறைவேற்றலாம். அதோடு பழைய விதிகளைத் திருத்தி எழுதும் விசாரணையையும் தொடங்கியது. எந்தத் தொழில்நுட்பம் போதுமானது, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், கேபிள் நிறுவனத்தையும் கடமைக்குள் இழுக்கலாமா, செலவை யார் ஏற்பது என்பவை அதில் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில் ஏ.டி. அண்ட் டி., 2029 இறுதிக்குள் தன் செம்பு வலைப்பின்னலின் மிகப் பெரும் பகுதியை மூடிவிடப்போவதாக முதலீட்டாளர்களிடம் அறிவித்தது. அந்தத் திட்டத்தில் கலிஃபோர்னியா மட்டும் சேரவில்லை. மற்ற 20 மாநிலங்களில் இந்தக் கேள்விகளை நிறுவனத்திடம் மாநிலத்தின் சார்பில் கேட்க வேண்டுமென்றால், அதற்கான அதிகாரத்தை முதலில் சட்டமன்றத்தில் போய்த் திரும்ப வாங்கிவர வேண்டும்.